உப்புக் காற்றோடு ஆறு நாள்

முதல் நாள்: நல்லவாடு

கல்லூரியில் தாவரவியல் படித்தேன். இப்போது சென்னையில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். படித்த படிப்பு ஒரு பக்கம் அப்படியே கிடக்கிறதே என்ற ஆதங்கம் பல வருஷமாக உண்டு. கடலோரத்தில் செத்துப்போன காட்டையும் புல்லையும் பாறையையும் திரும்பக் கொண்டுவர நம் ஆட்கள் என்னென்ன செய்திருக்கிறார்கள் என்று நேரில் பார்க்க வேண்டும். அதற்காகவே ஒரு வாரம் லீவு எடுத்திருக்கிறேன். புதுச்சேரியில் ஆரம்பித்துத் தூத்துக்குடியில் முடிக்கிற திட்டம். பஸ்தான், கடலை விட்டு அதிகம் விலகாமல். அன்றன்றைக்குப் பார்த்ததை அன்று ராத்திரியே எழுதிப் போடுகிறேன்.

முதலில் நல்லவாடு. புதுச்சேரியிலிருந்து கடலூர் போகிற சாலையில் கொஞ்ச தூரம் போய்க் கடல் பக்கம் திரும்ப வேண்டும். பார்க்க எல்லாக் கரையும் மாதிரிதான்: வலை உலர்த்துகிற இடம், கோயில், வரிசையாக ஃபைபர் படகுகள். நான் வந்தது ஓர் ஒலிபெருக்கியின் கதைக்காக.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரி கிராமங்களில் ‘அறிவு மையம்’ என்று சின்னச் சின்ன அறைகளைத் திறந்தது. ஒரு கணினி, ஒரு தொலைபேசி, வெளியே ஒலிபெருக்கி, அவ்வளவுதான். பக்கத்தில் வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலையின் உயரத்தை எடுத்து, தமிழில் எழுதி, கடலுக்குப் போகிறவர்கள் காதில் விழும்படி தினமும் வாசித்தார்கள். இன்டர்நெட் என்ற சொல்லே நகரத்தில் பலருக்குப் புதிதாக இருந்த காலம் அது.

2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் வேலையில் இருந்த நல்லவாட்டுக்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுமத்ரா செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். தண்ணீர் ஊருக்குள் ஏறுகிறது என்று வீட்டில் சொன்னார்கள். உடனே எல்லோரையும் வெளியேறச் சொல்லுங்கள் என்றார் அவர். ஊர்க்காரர்கள் அறிவு மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய், தினமும் அலை உயரம் சொன்ன அதே ஒலிபெருக்கியில் கத்தினார்கள். வீடுகள் போயின, படகுகள் போயின. ஊரின் 3,000-க்கும் மேற்பட்ட சனம் பிழைத்தது.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் இதைக் கேட்டேன். அவர் கையை நிறுத்தவில்லை. “அது தெனமும் பேசுற கொழாய்மா. அதான் பேசுனதும் ஓடுனோம்” என்றார்.

அந்தப் பதிலை இந்த ராத்திரி வரைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆபத்துக் காலத்துக்கென்று தனியாக வைத்த கருவியாக இருந்திருந்தால் அதை யார் நம்பியிருப்பார்கள்? வருஷக்கணக்கில் நாள் தவறாமல் அலை சொன்ன பழக்கம்தான் அன்றைக்குக் காலை ஊரைக் கிளப்பியிருக்கிறது. இப்போது சிதம்பரத்தில் தங்கியிருக்கிறேன். நாளை விடிந்ததும் காடு.

இரண்டாம் நாள்: பிச்சாவரம்

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்ததே தில்லை மரத்தால். கோயிலின் தலமரமும் அதுதான். ஆனால் ஊருக்குள் அந்த மரத்தை இன்று பார்க்க முடியாது. கிழக்கே 15 கிலோமீட்டர் போக வேண்டும். வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் சேர்கிற இடங்களுக்கு நடுவே, ஆயிரத்துச் சொச்சம் ஹெக்டேரில் தண்ணீரில் நிற்கிறது பிச்சாவரம் அலையாத்திக் காடு. தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. படகு ஓட்டிய அண்ணன் துடுப்பால் கிளையைத் தள்ளும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொன்னார்.

காலை ஏழு மணிக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. இருபுறமும் சுரபுன்னை, விரல் விரலாக வேரை இறக்கிக்கொண்டு நிற்கிறது. ஒரு கிளையில் காய் தொங்கியது, முருங்கைக்காய் போல நீளமாக, பச்சையாக. அது வெறும் காய் இல்லை. விதை மரத்திலேயே முளைத்துவிடுகிறது. கீழே விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கும், இல்லையென்றால் மிதந்துபோய் வேறு கரையில் வேர் பிடிக்கும். உப்பிலும் சேற்றிலும் விதை முளைப்பது கஷ்டம் என்பதால் பிள்ளையை நடக்கப் பழக்கிய பிறகுதான் கீழே விடுகிறது மரம்.

உள்ளே போகப் போக வெண்கண்டல். ஓர் இலையைப் பறித்து வெயிலில் திருப்பிப் பார்த்தேன். மேலே பொடிப்பொடியாகப் படிகம், நாக்கில் வைத்தால் உப்பு. வேர் உறிஞ்சிய தண்ணீரோடு வந்த உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. புத்தகத்தில் வரிவரியாகப் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். நாக்கில் பட்டது இன்றைக்குத்தான்.

நான் முக்கியமாகப் பார்க்க வந்தது மரத்தை அல்ல, வாய்க்காலை.

ஆங்கிலேயர் காலத்திலிருந்து 1970-கள் வரை இந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து மொத்தமாக வெட்டினார்கள். விறகுக்கும் மரத்துக்கும். வெட்டிய இடம் தானாக முளைக்கும் என்று கணக்கு. முளைக்கவில்லை. வருஷக்கணக்கில் மொட்டையாகவே கிடந்தது. ஆடு மாடு மேய்கிறது, விறகுக்கு வெட்டுகிறார்கள், அதனால்தான் காடு அழிகிறது என்று கரையோர சனத்தின் மேல்தான் பழி விழுந்தது. கன்று நட்டுப் பார்த்தார்கள், கருகியது.

1990-களில் சுவாமிநாதன் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வந்து மண்ணை அளந்தபோதுதான் விஷயம் புரிந்தது. மரம் போனதும் சேறு வெயிலில் காய்ந்து உள்வாங்கிவிட்டது. நடுவில் பள்ளம், ஓரம் மேடு, ஒரு தொட்டி மாதிரி. இங்கே ஓதம் ஒரு மீட்டருக்கு மேல் ஏறுவதில்லை. ஏற்றத்தில் உள்ளே வருகிற கடல் தண்ணீர் வற்றத்தில் திரும்பிப் போக வழியில்லாமல் பள்ளத்திலேயே தேங்குகிறது. வெயில் தண்ணீரை எடுத்துக்கொள்கிறது, உப்பை விட்டுவிடுகிறது. கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. பள்ளத்தில் அதைவிட ஏறிக்கொண்டே போகும். உப்பில் வாழப் பிறந்த மரம்கூட அந்த உப்பில் வாழாது.

சரி, காரணம் தெரிந்துவிட்டது. மருந்து? மண்வெட்டி. உப்பங்கழியிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும், பேரும் அதுதான். ஏற்றத்தில் தண்ணீர் முள் முள்ளாகப் புகுந்து, வற்றத்தில் அதே வழியாக உப்பையும் அடித்துக்கொண்டு வெளியே போகும். உப்பு இறங்கிய பிறகு வாய்க்கால் கரையில் கன்று நட்டார்கள். பிடித்துக்கொண்டது. இன்று அந்த இடத்தில் படகு போனால் தலைக்கு மேல் நிழல். வாய்க்காலின் கோடு நேராக இருப்பதை வைத்துத்தான் இது வெட்டியது, அது இயற்கை என்று சொல்ல முடிகிறது.

வெட்டியவர்கள் யார் என்று கேட்டேன். “எங்க ஆளுங்கதான்” என்றார் படகுக்கார அண்ணன். கரையோரக் குடியிருப்புகளில் கிராம மன்றம் அமைத்து, வனத்துறையும் நிறுவனமும் ஊரும் சேர்ந்து எங்கே வெட்டுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் தண்ணீர் இழுக்கும், எங்கே தேங்கும் என்பது தினம் அதில் நிற்கிறவர்களுக்குத்தானே தெரியும். வாய்க்கால் தூர்ந்து போகும், அவ்வப்போது சேறு அள்ளவும் வேண்டும். அதுவும் அவர்கள்தான். வெட்டியதாகப் பழி சுமந்தவர்களே வளர்த்தவர்கள் ஆனார்கள். அந்தப் பழியை யாராவது முறையாகத் திரும்பப் பெற்றார்களா என்று எனக்குள் ஒரு கேள்வி.

திரும்பும் வழியில் இடுப்பளவுத் தண்ணீரில் ஓர் இருளர் அம்மாவைப் பார்த்தோம். வலை இல்லை. இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிக்கிறார். பிடித்ததைப் போட ஓலைப் பறி. கை இரண்டுக்கும் வேலை இருப்பதால் பறியின் வாரைப் பல்லில் கடித்திருக்கிறார். அதனால் எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். மரம் உதிர்க்கிற இலைதான் மட்கி இறால் குஞ்சுக்குத் தீனி ஆகிறது. காடு அடர்ந்தால் அவர் பறி கனக்கும்.

சுனாமியைப் பற்றிச் சொல்லாமல் பிச்சாவரத்தை முடிக்க முடியாது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அங்கிருந்த பேராசிரியர் கதிரேசன், ராஜேந்திரனோடு சேர்ந்து இந்தக் கரையில் 18 குப்பங்களை ஆராய்ந்து, காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று 2005-ல் எழுதினார். உலகமே அதைப் பேசியது. அடுத்த வருஷமே வேறு விஞ்ஞானிகள் அந்தக் கணக்கை மறுத்தார்கள். கடலிலிருந்து எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம் என்பதுதான் முக்கியக் காரணம், மரத்தின் பங்கைப் பிரித்துக் காட்ட முடியாது என்றார்கள். இந்த விவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. காட்டைக் காப்பாற்ற ஒரே ஒரு காரணத்தை மட்டும் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. அந்த அம்மாவின் பறி ஒன்றே எனக்குப் போதும்.

மூன்றாம் நாள்: எங்கள் ஊர்

நாகப்பட்டினம் தாண்டி, தலைஞாயிறு பக்கம், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற கடைமடை எங்கள் ஊர். வழியில் இருக்கும்போது வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியுமா? அப்பா பஸ் நிறுத்தத்திலேயே நின்றார்.

சாப்பிட்டதும் வயலுக்குப் போனோம். சம்பா அறுத்தாகிவிட்டது, தாளடியில் உளுந்து பச்சையாகக் கிடக்கிறது. தெற்கு மூலையில் மட்டும் கொஞ்ச இடம் வெள்ளையாக, ஒன்றும் இல்லாமல். சின்ன வயதிலிருந்து பார்த்த மூலைதான். சுனாமி அன்று கடல் ஏறிய நிலங்களில் எங்களுடையதும் உண்டு. அந்த வருஷம் அப்பா வீட்டில் யாரோடும் பேசவில்லை. அப்புறம் இயற்கை விவசாயத்துக்காக உழைத்த நம்மாழ்வார் ஐயா நாகப்பட்டினம் பக்கமெல்லாம் வந்து விவசாயிகளோடு நின்று வேலை பார்த்தார். வரப்பை உயர்த்தி மழைத் தண்ணீரைத் தேக்கி வடித்தார்கள், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். மழையும் கைகொடுத்தது. எல்லா இடமும் திரும்பியது, அந்த மூலை மட்டும் திரும்பவில்லை.

அப்பா உப்புத் தாங்கும் என்று குழியடிச்சான் போடுவார். எங்கள் பக்கத்துப் பழைய நெல், சிவப்பரிசி. வேதாரண்யம் பக்கம் குடவாழை. இந்த விதைகளுக்கு உப்பைத் தாங்குகிற திறன் எப்படி வந்தது என்று தேடினால், பல தலைமுறை விவசாயிகள் உப்பு நிலத்தில் பிழைத்த கதிரை மட்டும் விதைக்கு எடுத்து வைத்தார்கள் என்பதுதான் பதில். அதுவும் ஆராய்ச்சிதான், ஏட்டில் எழுதாத ஆராய்ச்சி.

ஏட்டில் எழுதியதும் இருக்கிறது. நேற்று நான் நக்கிப் பார்த்த அதே வெண்கண்டலிலிருந்து உப்பைத் தாங்குகிற மரபணுவைப் பிரித்து நெல்லில் சேர்க்கும் வேலையைச் சுவாமிநாதன் நிறுவனத்தில் அஜய் பரிடாவின் குழு செய்தது. மரபணு மாற்றுப் பயிர் என்பதால் அது வயலுக்கு வரவில்லை. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த பூசா டி.எஸ்.டி. நெல் 1 வேறு வகை. வெளியிலிருந்து எதையும் சேர்க்காமல் நெல்லின் சொந்த மரபணுவையே திருத்தி, வறட்சியும் உப்பும் தாங்கும்படி செய்திருக்கிறார்கள். அப்பாவிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டார். “வெத யாருகிட்ட இருக்கும்? அடுத்த வருஷத்துக்கு நானே எடுத்து வச்சுக்கலாமா?” என்று கேட்டார். ஆய்வகத்தில் இருப்பவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாலை வேதாரண்யம் உப்பளம் வழியாக ஒரு சுற்று. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய கரை. சுவாமிநாதன் நிறுவனம் இங்கே உவர் நிலத்துச் செடிகளுக்கென்றே ஒரு மரபணுத் தோட்டம் அமைத்திருக்கிறது. பாத்தி ஓரத்தில் உமரி சிவந்து கிடந்தது. அம்மா அதைப் பறித்து வேகவைத்து, தண்ணீரை வடித்து, பருப்போடு கூட்டு வைப்பார். உப்பே போட வேண்டாம்.

நான்காம் நாள்: முத்துப்பேட்டை, மனோரா

முத்துப்பேட்டையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜாம்பவானோடையில் படகு ஏறி, ஆற்று வழியே லகூன் வரை போய் வந்தேன். பிச்சாவரத்தைவிடப் பல மடங்கு பெரிய காடு, கிட்டத்தட்ட முழுக்க வெண்கண்டல். இங்கேயும் அதே கதை, அதே மீன்முள் வாய்க்கால். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் காட்டைச் சாய்த்தது. காய்ந்த மரங்கள் இன்னும் சில இடத்தில் நிற்கின்றன, கீழே புதுக் கன்றுகள். கஜாவில் தென்னை போன எத்தனையோ குடும்பங்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. அதனாலோ என்னவோ அதிக நேரம் அங்கே இருக்க முடியவில்லை.

மதியம் மனோரா. மல்லிப்பட்டினம் பக்கத்தில், சரபோஜி மன்னர் 1814-15 வாக்கில் கட்டிய கோபுரம், கடலைப் பார்த்து நிற்கிறது. அதன் அடியில் நின்று பார்த்தால் பாக் விரிகுடா ஒரு குளம் மாதிரி இருக்கிறது. அலையே இல்லை. ஆழமும் குறைவு. வெளிச்சம் தரை வரை இறங்குகிறது. அதனால் இங்கே தரையில் புல் வளர்கிறது.

கடற்புல்லைப் பாசி என்று நினைப்பவர்கள் உண்டு. பாசிக்கு வேர் கிடையாது, பூ கிடையாது. கடற்புல் நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பிப் போன செடி. வேர் உண்டு, தண்டு உண்டு, தண்ணீருக்கு அடியிலேயே பூத்து மகரந்தம் சேர்கிறது. இங்கே மீனவர்கள் இதைத் தாழை என்கிறார்கள். இந்தக் கடலில் இதைத் தின்று வாழ்கிற பாலூட்டி ஆவுளியா. புத்தகத்தில் கடல் பசு. வளர்ந்த ஒன்று ஒரு நாளைக்கு 40 கிலோ வரை மேயும். சினைக் காலமே ஒரு வருஷத்துக்கு மேல், ஒரு தடவைக்கு ஒரு குட்டி, அடுத்ததற்கு மூன்று வருஷமாவது ஆகும். இவ்வளவு மெதுவாகப் பெருகும் உயிர் வலையில் மாட்டிச் செத்தால் கணக்கு நேராவதற்குள் இனமே போய்விடும். இந்தியாவில் மிச்சம் இருப்பதே சில நூறுதான். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரை நாட்டின் முதல் கடல் பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

அறிவித்தால் மட்டும் புல் முளைக்காதே. இழுவை வலை தரையை வாரிக்கொண்டு போன இடத்தில் புல் வேரோடு போகிறது. ஓம்கார் அறக்கட்டளை என்ற அமைப்பு பாலாஜி என்பவர் முன்னெடுக்க இந்தக் கரையில் பல வருஷமாகப் புல் நடுகிறது. நடும் முறையைக் கரையில் வைத்திருந்த ஒரு சட்டத்தைக் காட்டி ஒரு தம்பி விளக்கினான்.

மூங்கிலைப் பிளந்து ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரச் சட்டம். அதில் தேங்காய் நார்க் கயிறு குறுக்கும் நெடுக்குமாக, கயிற்றுக்கட்டில் பின்னுகிற மாதிரி. கயிற்றின் முறுக்கைக் கட்டைவிரலால் கொஞ்சம் பிரித்து, அந்த இடுக்கில் புல்லின் தண்டை வேரோடு செருகிவிட்டால் முறுக்கு தானாக இறுக்கிப் பிடிக்கும். அப்படியே கொண்டுபோய்ப் புல் இல்லாத தரையில் இறக்கி, நகராமல் குத்துகிறார்கள். நீரோட்டம் இழுத்துப் போகாமல் சட்டம் பிடித்துக்கொள்ளும். வேர் மண்ணில் இறங்குவதற்கும் கயிறும் மூங்கிலும் மட்குவதற்கும் சரியாக இருக்கும். இரும்பிலும் பிளாஸ்டிக் குழாயிலும் சட்டம் செய்கிற முறைகளும் உண்டு. அவை புல் வளர்ந்த பிறகும் கடலுக்குள்ளேயே கிடக்கும். தென்னை ஊர்க்காரர்களுக்குக் கயிறு பஞ்சமா என்ன?

“நட்டதெல்லாம் வருதாப்பா?” என்று கேட்டேன். “வராதுக்கா. தண்ணி கலங்கலா இருந்தா வராது. வெளிச்சம் வேணும். எடம் பாக்குறதுதான் வேல, நடுறது சுளுவு” என்றான். பிச்சாவரத்தில் கேட்டதும் இதேதான்.

அவன் போனில் ‘ஃபிஷர் ஃப்ரெண்ட்’ செயலி இருந்தது. நல்லவாட்டு ஒலிபெருக்கிக்குத் தம்பி முறை என்று சொல்லலாம், அதே சுவாமிநாதன் நிறுவனம் செய்தது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் தருகிற அலை உயரம், காற்று வேகம், மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடம் எல்லாம் தமிழில் வருகிறது. எல்லைக் கோட்டை நெருங்கினால் எச்சரிக்கும். இந்தக் கரையில் கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் நாள்: மண்டபம்

இன்று பார்த்தது மனசுக்கு லேசாக இல்லை.

மண்டபம் கடல் ஆராய்ச்சிக்குத் தாய் வீடு. 1947-ல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் பல வருஷம் இங்கேதான் இருந்தது, பிறகுதான் கொச்சிக்குப் போனது. கடல்விரால் மீனை நாட்டிலேயே முதல்முறையாகச் செயற்கையாகப் பொரிக்க வைத்ததும் இங்கேதான், 2010-ல்.

பாசி எடுக்கும் பெண்களைப் பார்க்கத்தான் வந்தேன். தலைமுறையாக மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுக்கிறவர்கள். விரல் ஒவ்வொன்றிலும் கிழிந்த துணியைச் சுற்றிக் கட்டுகிறார்கள். பாறை அறுக்காமல் இருக்க அதுதான் கையுறை. கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி முங்கி எழுகிறார்கள். ஓர் அக்கா கட்டை அவிழ்த்து விரலைக் காட்டினார். நகத்தின் ஓரமெல்லாம் வெட்டு.

இவர்களில் பலருக்கு 2000-களின் ஆரம்பத்தில் ஒரு புது வழி வந்தது. கப்பாஃபைகஸ் என்கிற வெளிநாட்டுப் பாசி. மூங்கில் மிதவையில் கயிறு கட்டி, துண்டு துண்டாக முடிந்துவிட்டால் 45 நாளில் அறுக்கலாம். அதிலிருந்து எடுக்கும் கராகீனன் ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் போகிறது. முங்க வேண்டாம், விரல் அறுபட வேண்டாம், பெண்கள் குழுவாகச் சேர்ந்து கடன் வாங்கிச் செய்யலாம். ஆராய்ச்சி ஏழைப் பெண்ணின் வீட்டு வாசலுக்கு வந்த நல்ல கதை.

2008-ல் குருசடைத் தீவுப் பக்கம் அந்தப் பாசி பவளப்பாறை மேல் படர்ந்து மூடுவதாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். மிதவையிலிருந்து அறுந்த துண்டு பாறையில் ஒட்டி வளர்ந்துவிட்டது. வெளிச்சம் கிடைக்காத பவளம் செத்துப்போகும். கையால் பிய்த்து எடுத்தார்கள். துணுக்கு மிஞ்சினால் மறுபடி துளிர்க்கிறது.

எந்தப் பக்கம் நிற்பது? அந்த விரலைப் பார்த்த பிறகு மிதவையே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செத்த பவளத்தின் படத்தைப் பார்த்த பிறகு ஆகட்டும் என்று சொல்லவும் முடியவில்லை. உள்ளூர்ப் பாசிகளையே மிதவையில் வளர்க்க முயற்சி நடக்கிறது. பணமும் மூளையும் அதில் கொட்ட வேண்டும் என்பது என் கட்சி. அக்காவிடம் கேட்டபோது, “எங்க பாசிக்கு அந்த வெல குடுத்தா நாங்க ஏம்மா அதப் போடுறோம்?” என்றார்.

சாயங்காலம் பாம்பன் பாலத்தில் கொஞ்ச நேரம். 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தின் நடுத் துண்டு, 72.5 மீட்டர் நீளம், லிஃப்ட் மாதிரி அப்படியே மேலே ஏறுகிறது. பக்கத்தில் 1914-ன் பழைய பாலம் துருவோடு நிற்கிறது. இங்கே காற்றே உப்பு. இரும்பு உப்போடு நூறு வருஷம் மல்லுக்கட்டியதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

ஆறாம் நாள்: தூத்துக்குடி

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று சொல்வார்கள். அதில் இரண்டு இப்போது இல்லை. பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன. மூன்றாவதாகப் போக இருந்தது வான் தீவு. 1986-ல் இந்தத் தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது வான் தீவு 16 ஹெக்டேர். 2014-ல் இரண்டு ஹெக்டேர்.

கடல்மட்டம் ஏறுவதும் ஒரு காரணம்தான், ஆனால் மூத்த காரணம் கடப்பாரை. பல பத்து வருஷம் பவளப்பாறையை உடைத்துச் சுண்ணாம்புக்கும் ஆலைக்கும் அள்ளினார்கள். தூத்துக்குடி பழைய வீடுகளின் சுவரில் பவளக்கல்லைப் பார்க்கலாம். இன்று காலை ஒரு சந்தில் காரை பெயர்ந்த சுவரில் கை வைத்துப் பார்த்தேன். தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் ஓர் உயிர் இருந்திருக்கிறது. 2001-ல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தில் சேர்த்தார்கள், சுனாமிக்குப் பிறகு உடைப்பது அடங்கியது. ஆனால் தீவுக்கு முன்னால் அலையை வாங்கிக்கொண்ட பாறை போய்விட்டது. அலை நேராக மணலில் வந்து மோதியது.

மீனவ அண்ணன் ஒருவரின் படகில் போனோம். கூட, இங்கே படிக்கிற ஒரு மாணவி. தீவில் இறங்க யாருக்கும் அனுமதி இல்லை. தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். தூரத்தில் ஒரு மணல் கோடு, அதன் மேல் கொஞ்சம் பச்சை. இவ்வளவுதானா தீவு என்று நெஞ்சு கனத்தது.

“தீவப் பாக்காதீங்கக்கா, அதுக்கு முன்னால தண்ணியப் பாருங்க” என்றாள் அவள்.

தீவுக்குக் கடல் பக்கம், வளைவாக ஒரு வரிசையில் அலை உடைந்து வெள்ளையாகிறது. அந்த வரிசைக்கு அந்தப் பக்கம் அலை, இந்தப் பக்கம் அமைதி. தண்ணீருக்குள் கான்கிரீட் கூடுகள் இருக்கின்றன. அடி அகலம், மேல் குறுகல், உடம்பெல்லாம் ஓட்டை. ஐ.ஐ.டி. மெட்ராஸ் வடிவமைத்தது. இங்கிருக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையமும் அரசும் சேர்ந்து 2015-லிருந்து பத்தாயிரத்துக்கும் மேல் இறக்கியிருக்கிறார்கள். சுவர் மாதிரி அடைத்தால் அலை முட்டி, அடியில் மண்ணைப் பறிக்கும். ஓட்டை வழியாகத் தண்ணீர் போக விட்டால் வேகம் மட்டும் குறையும், கொண்டுவந்த மணலைப் பின்னால் போட்டுவிட்டுப் போகும். பாறை செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார்கள். தீவு தேய்வது நின்று, கொஞ்சம் வளரவும் தொடங்கியது. கூட்டில் மீன் குடியேறியது, பவளமும் ஒட்டியது. உடைந்த பவளத் துண்டுகளைக் கான்கிரீட் சட்டத்தில் கட்டி வளர்க்கும் வேலையை இந்த நிலையம் 2002 முதலே செய்கிறது.

கேட்கக் கஷ்டமான ஒன்றையும் அவள் சொன்னாள். 2010-லும் 2016-லும் கோடையில் தண்ணீர் சூடேறி, பவளம் தன் உடம்புக்குள் சோறு சமைத்துப் போடுகிற பாசியை வெளியே துப்பிவிட்டது. நிறம் போய் வெளுத்தது. சீக்கிரம் சூடு தணிந்தால் பிழைக்கும், இல்லையென்றால் எலும்புதான். பல வருஷம் கையால் கட்டி வளர்த்ததும் அதில் போனது. “அப்ப என்ன செஞ்சீங்க?” என்றேன். “எது சாகலன்னு எழுதி வச்சாங்கக்கா. இப்ப அத எடுத்துத்தான் நடுறோம்” என்றாள். அப்பாவின் குழியடிச்சான் ஞாபகம் வந்தது.

படகு திரும்பியபோது அப்பாவிடமிருந்து போன். இன்ஜின் சத்தத்தில் பாதிதான் கேட்டது. பிச்சாவரத்து வாய்க்காலைப் பற்றி அன்றைக்கு நான் சொன்னது அவர் மனசில் ஓடிக்கொண்டிருந்ததாம். தெற்கு மூலையில் கயிறு பிடித்துப் பார்த்திருக்கிறார். மற்ற வயலைவிட ஒரு சாண் பள்ளம். மழைத் தண்ணீர் இறங்கி வெளியே போக அங்கே வழியே இல்லை, பழைய வடிகால் எப்போதோ தூர்ந்து வரப்போடு சேர்ந்துவிட்டது. “சனிக்கிழம ரெண்டு ஆளு சொல்லியிருக்கேன் பாப்பா, வடிகால் வெட்ட. நீ எப்ப மெட்ராஸ் போகணும்?”

திங்கட்கிழமை போனால் போதும் என்று சொல்லிவிட்டேன். ராத்திரி பஸ்ஸில் இடம் கிடைத்துவிட்டது.